விஸ்வநத்தத்தில் ஒரு படம் போட்டேன்!

நான் படம் போட்டுப் பிழைக்கிறவன்.

உடனே நிமிர்ந்து உட்கார வேண்டாம். நீங்கள் நினைக்கிற படம் இல்லை. கதாநாயகி கிடையாது, சண்டை கிடையாது, ஊட்டியில் மூன்று டூயட் கிடையாது. ஒரு கம்பெனியில் வேலை எங்கே ஆரம்பிக்கிறது, யார் கையிலிருந்து யார் கைக்குப் போகிறது, வெளி ஆட்களோடு என்னென்ன கொடுக்கல் வாங்கல், கடைசியில் எங்கே போய் முடிகிறது... இத்தனையையும் கட்டமும் அம்புக்குறியுமாக ஒரே தாளில் வரைந்து கொடுக்க வேண்டும். 'பிசினஸ் ப்ராசஸ் மாடலிங்' என்று விசிட்டிங் கார்டில் போட்டிருக்கிறேன். கல்யாண மார்க்கெட்டில் கொஞ்சம் மதிப்பு உண்டு. என் அப்பாவிடம் யாராவது, "பையன் என்ன பண்றான்?" என்று கேட்டால் மட்டும், "ஏதோ கோடு போடறான்" என்பார். யோசித்துப் பார்த்தால் அவர் சொல்வதுதான் சரி.

மூன்று வருஷத்துக்கு முன் ஒரு ஆடி மாதம், "சிவகாசி போய் வா" என்றார் மானேஜர். விஷயம் ஐந்து நிமிஷத்தில் ஆபீஸ் முழுக்கப் பரவிவிட்டது. அதுவரை என்னை ஏறிட்டும் பார்க்காத அக்கவுண்ட்ஸ் செக்‌ஷன் கூட டீ வாங்கிக் கொடுத்தது. சாயங்காலம் என் சட்டைப் பையில் பதினோரு பட்டாசு லிஸ்ட்! பொதிகை எக்ஸ்பிரஸில் ஏறிப் படுத்தபோது, போவது கம்பெனி வேலையாகவா, தீபாவளிச் சீட்டு வசூலுக்கா என்று எனக்கே சந்தேகம்.

மூன்று கட்டம் போதுமே, தம்பி!

விஸ்வநத்தம், சிவகாசியை ஒட்டிய ஊராட்சி. எங்கே சிவகாசி முடிந்தது, எங்கே விஸ்வநத்தம் ஆரம்பித்தது என்று புதிதாகப் போகிறவருக்குத் தெரியாது. எங்களைக் கூப்பிட்டிருந்தது ஒரு பட்டாசுக் கம்பெனி. பேர் வேண்டாம். முதலாளியின் மகன் பி.இ. படித்துவிட்டு வந்து, "எல்லாத்தையும் கம்ப்யூட்டர்ல ஏத்திடணும்" என்று ஒற்றைக் காலில் நின்றிருக்கிறார். ஏற்றுவதற்கு முன்னால், எதை ஏற்றுவது என்று தெரிய வேண்டாமா? அதற்குத்தான் நான்.

டீக்கடையில் வழி விசாரித்தேன். எதற்கு வந்திருக்கிறேன் என்று கடைக்காரர் கேட்டார். வாய் தவறி, "ஒரு படம் போடணும்" என்றேன்.

"அப்படியா! ஹீரோ யாரு தம்பி?"

அந்த ஊரை விட்டுக் கிளம்பும் வரை டீக்கு அவர் காசு வாங்கவில்லை. நானும் உண்மையைச் சொல்லவில்லை.

கம்பெனியின் ஆபீஸில் எனக்குத் துணையாகக் கொடுக்கப்பட்டவர் கணக்குப்பிள்ளை அண்ணாச்சி. நாற்பது வருஷ சர்வீஸ். மூக்குக் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார்.

"இதுல வரையறதுக்கு என்ன தம்பி இருக்கு? சரக்கு செய்றோம், அனுப்புறோம், பணம் வாங்குறோம். மூணு கட்டம் போதுமே!"

வரைந்தேன், மூன்று கட்டம். "செய்கிறதுக்கு முன்னால் என்ன அண்ணாச்சி?" என்று மட்டும் கேட்டேன். அன்றைக்கு ராத்திரி ஒன்பது மணிக்கு, பழைய மாதக் காலண்டர்களின் பின்பக்கம் எல்லாம் தீர்ந்து போய், மொத்தம் அறுபத்தொரு கட்டம்! (நல்லவேளை, சிவகாசியில் பட்டாசுக்குப் பஞ்சம் வந்தாலும் காலண்டருக்குப் பஞ்சம் வராது.)

கோடும் புள்ளியும்

இந்தப் பட விஷயம் ஒன்றும் புதுசு இல்லை. 1921-லேயே அமெரிக்காவில் ஃபிராங்க் கில்பிரெத், அவர் மனைவி லில்லியன் என்று ஒரு தம்பதி, வேலையைப் படமாக வரையும் முறையை அந்த நாட்டு மெக்கானிக்கல் எஞ்சினீயர்கள் சங்கத்தின் முன் வைத்தார்கள். இப்போது உலகம் முழுக்க பி.பி.எம்.என். என்ற அடையாள மொழி புழங்குகிறது. 2004-ல் வந்தது, 2011-ல் இரண்டாம் பதிப்பு, 2013-ல் ஐ.எஸ்.ஓ. முத்திரையும் கிடைத்தது.

பயப்பட வேண்டாம், ஐந்து நிமிஷத்தில் கற்றுக் கொள்ளலாம். வட்டம் என்றால் ஆரம்பம். தடித்த வட்டம் என்றால் முடிவு. முனை மழுங்கிய கட்டம் ஒரு வேலை. சாய்சதுரம், 'அப்படியா, இப்படியா' என்று முடிவெடுக்கும் இடம். கடிகாரம் போட்ட வட்டம் என்றால் ஒரு கெடு. நீச்சல் போட்டியில் ஆளுக்கு ஒரு பாதை ஒதுக்குவது போல, கம்பெனிக்கு ஒரு பட்டை, வியாபாரிக்கு ஒரு பட்டை, லாரி செட்டுக்கு ஒரு பட்டை என்று தனித்தனியாகப் போட வேண்டும்.

இதில் ஒரு முக்கியமான சட்டம் உண்டு. நம் பட்டைக்குள் போகிற கோடு அழுத்தமான கோடு. அடுத்தவர் பட்டைக்குப் போவது புள்ளிக்கோடு மட்டுமே. ஏன்? நம் ஆபீஸுக்குள் 'இதை முடிச்சிட்டு அதைச் செய்' என்று உத்தரவு போடலாம். அடுத்த கம்பெனிக்காரனுக்கு உத்தரவு போட முடியுமா? கடுதாசி போடலாம், போன் பண்ணலாம், சரக்கு அனுப்பலாம், பணம் கேட்கலாம். அதாவது சேதிதான் அனுப்பலாம். செய்வதும் செய்யாததும் அவன் இஷ்டம்.

கல்யாணமானவர்களுக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை.

ஒரு வெடிக்கு எத்தனை கூட்டாளி!

தீபாவளி நமக்கு ஒரு நாள். விஸ்வநத்தத்துக்கு அது வருஷத்தின் கடைசி நாள். அது முடிந்து கொஞ்ச நாளில் அடுத்த வருஷக் கணக்கு ஆரம்பமாகிவிடும். வெளியூர் ஏஜெண்டுகள் வருவார்கள். வடநாட்டு மொத்த வியாபாரிகளிடமிருந்து ஆர்டர் வரும். கொஞ்சம் அட்வான்ஸ், மீதி கடன். அந்தக் கடன் திரும்பி வருவது பண்டிகை முடிந்த பிறகுதான். நடுவில் பல மாதம் கூலியும் மருந்துச் செலவும் கம்பெனியுடையது.

வெடியுப்பு, கந்தகம், அலுமினியப் பொடி விற்கிறவர் ஒரு பட்டை. காகிதக் குழாய் உருட்டித் தருகிறவர்கள் ஒரு பட்டை. லேபிளும் கிஃப்ட் பாக்ஸ் அட்டையும் அடிக்கிற அச்சகம் ஒரு பட்டை. பாங்கு ஒன்று. லாரி செட் ஒன்று. பட்டாசை ரயிலில் ஏற்ற முடியாது, முழுக்க ரோடுதான். வாங்குகிற வியாபாரியும் தன் லைசென்ஸில் எத்தனை கிலோ போட்டிருக்கிறதோ அவ்வளவுதான் கிட்டங்கியில் வைக்கலாம். ஆகவே ஆர்டர் ஒன்று, அனுப்புவது பல தவணை.

பிறகு சர்க்கார். வெடிபொருள் லைசென்ஸைக் கவனிக்கும் 'பெசோ'வின் தலைமையகம் நாக்பூரில். பசுமைப் பட்டாசுக்கு ஃபார்முலா தந்து சான்றிதழ் கொடுக்கும் 'நீரி'யின் தலைமையகமும் நாக்பூரில்.

"எங்களுக்குத் திருச்செந்தூர், பழனிக்கு அடுத்தபடியா நாக்பூர்தான் தம்பி க்ஷேத்திரம்" என்றார் அண்ணாச்சி.

வியாபாரியின் பட்டைக்குள் நான் மளமளவென்று கட்டம் போட்டேன். சரக்கு வரும், இறக்குவார், சரிபார்ப்பார், விற்பார், பணம் அனுப்புவார். அழகாக இருந்தது. அண்ணாச்சி பென்சிலை வாங்கி எல்லாவற்றையும் அடித்தார்.

"அவுக கடைக்குள்ள என்ன நடக்குன்னு உமக்கு எப்படித் தம்பி தெரியும்?"

பி.பி.எம்.என். புத்தகம் சொல்வதும் அதுவேதான். கூட்டாளியின் உள்விவகாரம் உனக்குத் தெரியாது என்றால் அவன் பட்டையைக் காலியாக விடு. போகிற சேதி, வருகிற சேதி இரண்டை மட்டும் வரை. இதை நான் இரண்டு நாள் டிரெயினிங்கில், கம்பெனி காசில் படித்தேன். அண்ணாச்சி சும்மா இருந்தே தெரிந்து கொண்டிருக்கிறார்.

சும்மா இல்லை என்று பிறகு தெரிந்தது. 2017 அக்டோபர் 9-ம் தேதி டெல்லி வட்டாரத்தில் பட்டாசு விற்பனையை அந்த மாதக் கடைசி வரை சுப்ரீம் கோர்ட் நிறுத்தி வைத்தது. தீபாவளிக்குப் பத்து நாள் கூட இல்லை. சரக்கு அங்கே, பணம் வராது, திரும்பி எடுத்து வருவதும் லேசு இல்லை. அடுத்த வருஷம் 2018 அக்டோபர் 23-ல் இன்னொரு தீர்ப்பு. பேரியம் உப்பு கூடாது, சரவெடி கூடாது, பசுமைப் பட்டாசு மட்டும்தான். அதன் பிறகு சிவகாசி ஆலைகள் சில மாதம் மூடியே கிடந்தன.

"அந்த ரெண்டு வருசமும் என் பேரேட்டுல இருக்கு. ஆனா உம்ம படத்துல கோர்ட்டுக்கு ஒரு பட்டை இல்லையே?" என்றார்.

போட்டேன். புள்ளிக்கோடு ஒரே பக்கமாக வருகிற பட்டை.

"இதுல மழை எங்க?"

மூன்றாம் நாள் படத்தைச் சுவரில் ஒட்டி முதலாளி, மகன், அண்ணாச்சி எல்லோருக்கும் விளக்கினேன். எல்லோருக்கும் திருப்தி. கதவருகில் ஃபோர்மேன் நின்றிருந்தார். ஐம்பது வயசு இருக்கும். இடது கையில் முழங்கைக்குக் கீழே தோல் வேறு நிறமாக இருந்தது. நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

"உங்களுக்கு ஏதாவது சொல்லணுமா அண்ணே?" என்றேன், மரியாதைக்கு.

படத்தை ரொம்ப நேரம் பார்த்தார். "இதுல மழை எங்க சார்?"

சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

"இடி மின்னல்னா வேலையை நிறுத்தி ஆளை வெளியே அனுப்பணும். அது ரூல். ஈரக்காத்து அடிச்சா மருந்து சூடாகும். காலையில கலந்த மருந்தை அன்னைக்கே தீர்க்கணும், ராத்திரிக்கு வைக்கக் கூடாது. மருந்து செலுத்துற ரூம்ல நாலு பேருக்கு மேல உட்காரக் கூடாது. நீங்க 'ஆர்டர் வந்தது' கட்டத்துல இருந்து 'சரக்கு செய்' கட்டத்துக்கு ஒரே கோடா இழுத்துட்டீங்க. அந்த ரோடு நேரா எங்க ரூமுக்கு வருது. நடுவுல ஒரு கேட் இல்லையே?"

எனக்குச் சுரீர் என்றது. உட்கார்ந்து கணக்குப் போட்டோம். சும்மா வசதிக்காகப் போட்ட எண்கள்தான். நீங்களும் போட்டுப் பாருங்கள்.

இருபது அறை. அறைக்கு நாலு பேர். ஒரு அறையில் ஒரு நாளைக்குப் பத்துப் பெட்டிச் சரக்கு. ஆக, நாளைக்கு இருநூறு. பண்டிகைக்கு முன் இருபத்தைந்து வேலை நாள் பாக்கி என்றால் ஐயாயிரம். புரட்டாசி மழையில் ஐந்து நாள் போனால் நாலாயிரம். கையில் இருக்கிற ஆர்டர் நாலாயிரத்து இருநூறு. ஏற்கெனவே இழுபறி. அந்த நேரத்தில் வடக்கேயிருந்து போன்: "பாய்சாப், இன்னும் ஐந்நூறு பெட்டி சேர்த்துக்குங்க." இந்தப் பக்கத்தில் நல்ல மனசோடு, "சரி, பண்ணிடலாம்."

நாலாயிரத்து எழுநூறு வேண்டும். கைவசம் நாலாயிரம். நாள் கூடாது, அறை கூடாது. கூடக் கூடியது ஒன்றுதான். நாலு பேர் உட்காரும் அறையில் ஐந்தாவது ஆள். நாலாயிரம் ஐயாயிரமாகிவிடும், கணக்கு நேர்!

அந்த ஐந்தாவது ஆளை முதலாளி அனுப்பவில்லை. அண்ணாச்சி அனுப்பவில்லை. வடநாட்டு வியாபாரிக்கு விஸ்வநத்தத்தில் அப்படி ஒரு அறை இருப்பதே தெரியாது. எல்லோரும் நல்லவர்கள். நான் வரைந்த அழகான நேர்கோடுதான் அனுப்புகிறது.

"உட்கார வைக்கலைன்னா சரக்கு வராது. உட்கார வச்சா எனக்குத் தூக்கம் வராது" என்றார் ஃபோர்மேன்.

2012 செப்டம்பர் 5-ம் தேதி முதலிப்பட்டியில் நடந்ததை அந்தப் பக்கத்தில் யாரிடமும் விளக்க வேண்டியதில்லை. ஒரே விபத்தில் நாற்பது உயிர் வரை போயிற்று. மாதத்தைக் கவனியுங்கள். ஒவ்வொரு விபத்துக்கும் காரணம் வேறு வேறாக இருக்கலாம். ஆனால் பண்டிகைக்கு முந்தைய அவசரம் எந்த அறைக்கும் நல்லதில்லை.

ஒரு சாய்சதுரம்

ஆர்டருக்கும் தயாரிப்புக்கும் நடுவே ஒரு சாய்சதுரம் போட்டேன். 'ஃபோர்மேன் கணக்கில் இடம் இருக்கிறதா?' இருந்தால் மேலே போ. இல்லையென்றால் வியாபாரிக்கு ஒரு புள்ளிக்கோடு: 'முடியாது, இருப்பில் உள்ளதில் மாற்றித் தருகிறோம்.' பக்கத்தில் கடிகாரம் போட்ட ஒரு வட்டம். அந்தத் தேதிக்குப் பிறகு எண்ணிக்கையைக் கூட்டக் கூடாது.

முதலாளி பேசவே இல்லை. கடைசியில், "தம்பி, நான் முடியாதுன்னா அடுத்த கம்பெனி முடியும்பான். யாவாரம் அங்க போயிரும். இதுக்கு உம்ம படத்துல என்ன இருக்கு?" என்றார்.

நியாயமான கேள்வி. என்னிடம் பதில் இல்லை. கோடு போடுகிறவன் சம்பளத்தை வாங்கிக்கொண்டு ரயில் ஏறிவிடலாம். கடனை வாங்கி முதல் போட்டு, எண்பது குடும்பத்துக்கு வாராவாரம் கூலி கொடுக்கிறவர் அவர்.

பதில் சொன்னது அண்ணாச்சி. "மொதலாளி, கடைசி மாசத்துல போன்ல சேத்த ஆர்டர்லதான் நமக்குப் பாக்கி நிக்கு. அட்வான்ஸ் கிடையாது, அவசரம்னு கேட்டு வாங்குனது. பணம் தை பிறந்தாலும் வராது. பேரேட்டைப் பாருங்க."

பார்த்தார்கள். நான்கு வருஷப் பேரேட்டை விடிய விடியப் புரட்டினார்கள். அண்ணாச்சி சொன்னது சரியாகத்தான் இருந்தது. மறுநாள் காலை முதலாளி ஒரே வார்த்தைதான் சொன்னார்: "போடுங்க."

அந்த வருஷ விலைப்பட்டியலின் கீழே ஒரு வரி ஏறியது. இன்ன தேதிக்குப் பிறகு ஆர்டர் கூட்டப்பட மாட்டாது.

சினிமா என்றால் இங்கே எல்லாம் சுபம் என்று முடித்துவிடலாம். நிஜத்தில், ஒரு பெரிய வியாபாரி கோபித்துக்கொண்டு போனார். இன்றுவரை திரும்பி வரவில்லை. மற்றவர்கள் முனகிக்கொண்டே ஆர்டரை ஒரு மாதம் முன்னால் கொடுக்கக் கற்றுக்கொண்டார்கள். கம்பெனி நடக்கிறது. அறையில் நாலு பேர் உட்காருகிறார்கள்.

உங்கள் ஆபீஸுக்கு ஒரு காலண்டர்

பட்டாசுக்கும் எனக்கும் என்ன சம்பந்தம் என்று ஃபைலைத் தள்ளுகிறீர்களா? ஒரு ஞாயிற்றுக்கிழமை, பழைய காலண்டரைத் திருப்பிப் போட்டு உங்கள் வேலையை வரைந்து பாருங்கள்.

முதலில் உங்கள் பட்டை, பிறகு உங்களோடு சேதி பரிமாறும் ஒவ்வொருவருக்கும் ஒரு பட்டை. அவர்கள் பட்டையைக் காலியாக விடுங்கள். அவர்கள் என்ன செய்வார்கள் என்று நாம் நினைப்பது வேறு, அவர்களிடமிருந்து நிஜமாக என்ன வருகிறது என்பது வேறு. எந்த அம்பு நடுவில் நிற்காமல் நேராக ஓடுகிறதோ, அதன் மறுமுனையில் யார் உட்கார்ந்திருக்கிறார் என்று பாருங்கள். பெரும்பாலும் வேலையைக் கடைசியாகச் செய்கிற ஆளாக இருப்பார். படத்தை அவரிடம் காட்டிவிட்டு, பிறகு மானேஜரிடம் காட்டுங்கள். 'மழை எங்கே?' என்று அவர் கேட்டால் மட்டும் சிரித்துவிடாதீர்கள்.

அடுத்த வருஷம் செப்டம்பர் கடைசியில், எப்படி நடக்கிறது என்று பார்க்க மறுபடி விஸ்வநத்தம் போனேன். சட்டைப் பையில் இந்தத் தடவை பதினாலு லிஸ்ட்! போன முறை வெறுங்கையோடு திரும்பியதற்கு ஒரு வருஷம் ஏச்சு வாங்கியிருந்தேன். ரயிலில் பட்டாசு கொண்டுபோவது ரயில்வே சட்டம் 164-வது பிரிவின்படி குற்றம், மூன்று வருஷம் வரை உள்ளே போகலாம் என்றால் யார் கேட்கிறார்கள்? அதனால் லாரி செட் மூலம் முறைப்படி அனுப்பச் சொல்லலாம் என்று திட்டம்.

லிஸ்ட்டுகளை அண்ணாச்சியிடம் நீட்டினேன். ஒவ்வொன்றாகப் பொறுமையாகப் படித்தார். மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். பிறகு சுவரில் ஒட்டியிருந்த என் படத்தைக் காட்டினார். அந்தக் கடிகாரம் போட்ட வட்டத்தை.

"தேதி தாண்டிருச்சே, தம்பி!"